ஒரு டம்ளர் சுரைக்காய்ச் சாறு

என் மனைவி எஸ்தரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது ஒரு சுரைக்காய். சரியாகச் சொன்னால், நான்.

கரோல் பாக் சபையில் என்னை எல்லோருக்கும் தெரியும். யாருக்குத் தலை வலித்தாலும் ஜெபத்துக்கு முன்பே என் வைத்தியம் போய் நிற்கும். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. எஸ்தருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு என்று நானே தீர்ப்பெழுதி, நானே மிக்ஸியில் அரைத்தேன்.

இங்கே தில்லிக்காரர்கள் சுரைக்காயை வெட்டியதும் நுனியில் ஒரு துண்டு கடித்துப் பார்ப்பார்கள். கசந்தால் முழுக்காயும் குப்பைக்குப் போகும். மாடி வீட்டு ஆன்ட்டி எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார். பாகற்காயைக் கண்டால் இவர்கள் என்ன செய்வார்களோ என்று நான் சிரித்திருக்கிறேன்.

எஸ்தர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டாள்.

"என்னங்க, இது ரொம்பக் கசக்கு."

"பாவக்கா தின்னு வளந்த திருநெல்வேலிக்காரி பேசுற பேச்சா இது? கசப்புதான் மருந்து. கண்ண மூடிட்டுக் குடி."

"அப்ப நீங்களும் குடிங்க."

ஒரு மடக்கு குடித்தேன். நாக்கு சுருண்டது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், அப்புறம் குடிக்கிறேன் என்று என் டம்ளரை பிரிட்ஜில் வைத்தேன். பிரசங்கம் செய்தவனுக்கு ஒரு மடக்கு, கேட்டவளுக்கு முழு டம்ளர்.

அரை மணி நேரத்தில் அவளுக்கு வாந்தியும் பேதியும் தொடங்கின. "கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்றேன். அடுத்த வாந்தியில் ரத்தம் வந்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, சாறு கசந்ததா என்பதுதான். தலையாட்டினேன். சில காய்களில் இப்படி விஷம் இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, இதற்கு மாற்று மருந்து கிடையாது என்றார். சலைன் ஏற்றி ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

"பிழைச்சிடுவாளா?"

"மாலூம் நஹீ, பையா."

அத்தனை படித்தவர், தெரியாது அண்ணா என்று இந்தியில் சொன்னார். ஒன்றும் படிக்காத நான் வாழ்நாளில் ஒருமுறைகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

சபையில் நான் ஜெபிக்க எழுந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். ஐ.சி.யூ. வாசலில் எனக்கு வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியாது." இதுதான் வந்தது. இரண்டு நாளும் இதையேதான் சொன்னேன். வெளிச்சம் வரவில்லை, சமாதானமும் வரவில்லை. அவளுடைய செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் என் மடியில் கிடந்தது. எனக்கு எதிரே ஒரு அம்மா தன் கணவருக்காக ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு மாலை அவர் கணவர் இறந்துபோனார்.

திங்கள் மதியம் எஸ்தரின் ரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. என்னை உள்ளே விட்டார்கள். அவள் உதடு வெடித்திருந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"பிரிட்ஜ்ல மீதி இருக்கு. நீங்க குடிச்சிராதீங்க."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எனக்குக் கிடைத்த பதில் அந்த அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. காய்க்குள் விஷம் ஒளிந்திருந்தது. நாக்கில் அதற்கு எச்சரிக்கையையும் கர்த்தர் வைத்திருந்தார். அதை அடக்கத்தான் நான் அத்தனை பேச்சுப் பேசினேன்.

இப்போது எங்கள் வீட்டில் சுரைக்காயின் முதல் துண்டைக் கடிப்பது என் வேலை. "தீர்க்கதரிசி, சொல்லுங்க" என்று எஸ்தர் கத்தியோடு காத்திருப்பாள். அவள் அங்கே நிற்பதே எனக்குக் கிடைத்த பதில். எல்லாம் தெரிந்தவர்களே, என் கூட்டாளிகளே, வார்த்தை தீர்ந்துபோகும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு, தெரியாது என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அந்த ஜெபத்தை அவர் கேட்டார்.