ரேடியோவில் சொன்ன வழி

கிளெம் ஹாட்ரிக் வாயைத் திறந்தால் மூடமாட்டான். கோரபி என்ற சிற்றூருக்கு வடக்கே உள்ள மண்ரோடுகளைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டியே தலை நரைத்தவன். அந்த வனாந்தரத்தில் ஓர் ஆளைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால், கிடைத்தவனைப் பிடித்துவைத்துப் பேசித் தீர்த்துவிடுவான். அப்பேர்ப்பட்ட ஓட்டைவாயன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருஷமாக மூச்சு விடவில்லை.

உப்புப் பொட்டலுக்கு நடுவே, ஒரு சின்ன மேட்டின் உச்சியில் தானாகப் பொங்கி நிற்கும் ஊற்று அது. பண்ணைகளுக்கு வேலி போட்ட காலத்தில், நாக்கு வறண்டு கிடந்த கிளெம்மை அங்கே கூட்டிப்போனவன் கூட வேலை பார்த்த ஆப்ரி. அந்த மண்ணின் ஆதிகுடி. ஊற்று அவன் குடும்பத்துடையது. "குடி. குடிச்சிட்டு மறந்துடு," என்றான் ஆப்ரி.

கிளெம் மறக்கவா செய்தான்? லீவு கிடைத்த போதெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்க் கிடந்தான். நகக்கண் அளவு மீன்கள், மேகம் மாதிரி இறங்கும் வரிக்குருவிகள், பொழுது சாயத் தண்ணீருக்கு வரும் காட்டுநாய். இங்கே வீட்டில் பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகள் லினெட்டையும் அழைத்துக்கொண்டு அடிலெய்டுக்குப் போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள்?

பல வருஷம் கழித்து இந்தக் குளிர்காலத்தில் லினெட் போன் செய்தாள். "எங்களை விட்டுட்டு அப்படி என்னத்ததான் பாத்தீங்கப்பா? எனக்கும் காட்டுங்க."

கிளெம் ஓடிப்போய் ஆப்ரியிடம் நின்றான். ஆப்ரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு, "உம் பொண்ணுக்கு மட்டும்டா. இன்னொரு காதுக்குப் போச்சு, அப்புறம் நீ யாரோ நான் யாரோ," என்றான்.

கிளெம் முன்னால் போக, லினெட் வாடகை வண்டியில் பின்னால் வந்தாள். முன்வண்டியின் புழுதி கண்ணை மறைக்குமென்று அங்கே யாரும் ஒட்டி ஓட்டுவதில்லை. அவளும் தள்ளியே வந்தாள். ஒரு வளைவில் வழியைத் தவறவிட்டுவிட்டாள்.

"அப்பா! உங்க புழுதியே தெரியல. எங்க பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கு," என்று வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் அவள் குரல் நடுங்கியது.

நாற்பதாம் சானல் பொதுவானது. சுற்றுவட்டாரத்தில் போகிற வண்டியெல்லாம் அதில்தான் காதை வைத்திருக்கும். சொந்தப் பேச்சுக்கு வேறு சானல் மாற்றிக்கொள்ள வேண்டும். கிளெம்முக்கு அது தெரியாதா?

"பத்துக்கு மாத்தும்மா."

"எதை மாத்தணும்? எனக்கு ஒண்ணும் புரியலப்பா!"

பாவி மனுஷன், மகள் அழுகிறாள் என்றதும் எல்லாம் மறந்துபோனது. "பயப்படாத கண்ணு, அப்பா இருக்கேன். உடைஞ்ச காற்றாலை தெரியுதா? அதுக்கு இடதுபக்கம் வா. ஓடை மணல்ல இறங்கு. நேரா வெள்ளையா ஒரு மேடு…" என்று வாசல்வரைக்கும் சொல்லிக் கூட்டிவந்துவிட்டான்.

ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. லினெட் குப்புறப் படுத்து மீன்களைப் பார்த்தாள். "இதுக்காகத்தானாப்பா?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. கிளெம் தானும் அவள் பக்கத்தில் குப்புறப் படுத்தான்.

அப்புறம் தெற்கே புழுதி எழும்பியது. வரிசையாக ஏழு வண்டிகள், ஊர்சுற்ற வந்தவர்கள்.

"நீங்கதானே ரோடு போடுற கிளெம்? ரேடியோல குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, கேட்டுட்டே வந்தோம். அடேயப்பா, என்னமா வழி சொன்னீங்க!" என்று கையைக் குலுக்கினான் முதல் வண்டிக்காரன் டாரில்.

கிளெம் வாய் திறப்பதற்குள் இரண்டு வண்டிகள் மேட்டின்மேல் ஏறிவிட்டன. ஈரமண்ணில் சக்கரம் புதைந்தது. இன்ஜினை உறுமவிட்டு உறுமவிட்டு வெளியே எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தின் வழியே ஊற்றின் கரை உடைந்து தண்ணீர் பொட்டலில் ஓடியது. ஒருத்தன் சோப்புப் போட்டுத் தலை குளித்தான். கிளெம் மண்வெட்டியோடு பைத்தியக்காரன் மாதிரி கத்தினான். அடைக்க அடைக்கப் பிய்த்துக்கொண்டு போனது. மீன்கள் உப்பில் துடித்தன.

"விடுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் லினெட்.

"உன்னாலதாண்டி எல்லாம்!"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் போய் வண்டியில் ஏறினாள். டாரிலின் வரிசையோடு சேர்ந்து ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

ஆப்ரியின் வீட்டுக்குப் போக கிளெம்முக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. போனபோது ஆப்ரி கொசுவலைக் கதவைத் திறக்காமல், உள்ளேயிருந்தபடியே செல்போனைத் தூக்கிக் காட்டினான். வண்டிக்காரர்கள் வழி பார்க்கும் வரைபடம். உப்புப் பொட்டலுக்கு நடுவே ஒரு நீலப்புள்ளி; பக்கத்தில் 'கிளெம் ஊற்று' என்று போட்டிருந்தது. வழி சொன்னதற்கு டாரில் கூட்டத்தின் நன்றியாம்.

"அதுக்கு எங்காளுங்க வச்ச பேரு ஒண்ணு இருக்கு. முப்பது வருஷத்துல உனக்குக்கூட நான் அதைச் சொன்னதில்ல," என்றான் ஆப்ரி.

"எடுக்கச் சொல்லிடறேன் ஆப்ரி. இன்னைக்கே சொல்லிடறேன்."

"வேணாம். இருக்கட்டும். காட்டிக் குடுத்தது யாருன்னு எம் பேரப்பிள்ளைங்க படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

உள்கதவையும் சாத்திக்கொண்டான்.