வாசலில் நின்று போட்ட வைக்கோல்

உபதேசியார். அவர் மனைவி. மாவு மில்காரர். நான். நாலு பேரும் வாசலில் நின்றோம். உள்ளே படுத்திருந்தது ஒரு விதவை. எனக்கு அக்கா முறை.

எண்பதுகளில், கடத்தூர்ப் பக்கம், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து மூன்றாம் வாரம். எங்கள் மாதா கோயிலில் காலியாக ஒரு தீவனத்தொட்டி வைப்பார்கள். ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் போட வேண்டும். பாலன் இயேசு பிறக்கும்போது மெத்தென்று இருக்கணும். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தாலும் ஒரு வைக்கோல்.

ரோட்டு வேலையில் அக்கா காலில் கடப்பாரை விழுந்திருந்தது. புண்ணில் புழு வைத்துவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினாள். நாற்றம் தாங்காமல் இரண்டு தடவை இறக்கிவிட்டார்கள். இன்னும் நாளானால் கால் போய்விடும்.

உபதேசியார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு செபம் சொன்னார்.

"உள்ள போய் சொல்லலாமுங்களே," என்றேன்.

"செபம் வாசல்ல இருந்தே போவும்மா," என்றார் மில்காரர்.

உள்ளிருந்து அக்கா கத்தினாள். "சாமிக்கு மெத்தை ரெடி ஆயிடுச்சுங்களா? எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டுப் போங்க!"

யாரும் அசையவில்லை. செபம் முடிந்தது. மூன்று பேரும் வைக்கோல் போடப் போனார்கள். தூ என்றிருந்தது. அவர்களை மட்டும் இல்லை. அதற்கு முன் மூன்று நாள் நானும் அப்படித்தான் போயிருந்தேன்.

தண்ணி கொடுத்தேன். மாட்டுப் புண்ணுக்குச் செய்வதுபோல் கற்பூரத்தை நுணுக்கி, வேப்பெண்ணெயில் குழைத்து வைத்தேன். புழு மேலே வந்தது. முள்வாங்கியால் எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டேன். நடுவில் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன்.

"வாந்தி எடுத்துட்டு வா. நான் எங்க ஓடப் போறேன்," என்றாள் அக்கா.

நாற்பத்தொரு புழு. கழுவி, வேட்டித் துணி கிழித்துக் கட்டினேன். மறுநாள் காலை பஸ்ஸில் எங்களை யாரும் இறக்கவில்லை. கால் தப்பியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோயிலுக்குப் போனேன். தொட்டி நிறைந்து வழிந்தது. வாசலில் நின்றதற்கு நான் போட்டதை எண்ணித் திரும்ப எடுத்தேன்.

உபதேசியார் மனைவி பார்த்துவிட்டாள். "ஏம்மா, போட்டத எடுக்கறே? எத்தினி எடுத்தே?"

மூன்று.