படுத்துப் பாத்திட்டுக் கதை

போன திங்கட்கிழமை அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: கராஜ் ஆதம்லெவ்வை பாஸ் மௌத்தாகிவிட்டார். பூட்டில் போடவிருந்த கடைத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜப்பான் வேன்கள் ஊருக்குள் புதிதாக வந்திறங்கிய எழுபதுகளின் கடைசியில் அவர் கராஜைத் திறந்தார். அன்றிலிருந்து அவருடைய கராஜுக்கும் என்னுடைய வாகன உதிரிப்பாகக் கடைக்கும் இடையில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு மேலால் நாங்கள் ஏசிக்கொள்ளாத நாள் குறைவு.

அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் நின்றவர்கள் அவரைப் பொறுமையானவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்றார்கள். கல்முனையில் அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள், இது யாரைப் பற்றிய பேச்சு? மௌத்தானவரைப் புகழ்வது நல்லதுதான். ஆனால் அவரை வேறொரு ஆளாக மாற்றி அடக்குவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஆதம்லெவ்வை முரடர், பிடிவாதக்காரர். எனக்கு அவரைப் பிடித்ததே அதற்காகத்தான்.

கராஜில் ஒரு பழைய நெல்லுச் சாக்கு கிடந்தது. திருத்திய வாகனத்தை எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தச் சாக்கில் மல்லாந்து படுத்து, டோர்ச் அடித்து, செய்த வேலையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் திறப்புத் தருவார். ஒருநாள் நிறைய வயல் வைத்திருந்த பெரிய போடியார் ஒருவர், "என்னையா சாக்கில படுக்கச் செல்றாய்?" என்று குதித்தார். பாஸ் திறப்பைச் சாரன் இடுப்பில் சொருகிக்கொண்டார். "பிரேக் புடிக்கல்லயெண்டா நாளைக்கு மௌத்தாகிச் சந்தூக்கில படுப்பீங்க. இண்டைக்குச் சாக்கில படுங்க போடியார்." போடியார் படுத்தார். அவரைத் திரும்ப எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் விற்ற பிரேக் ரப்பரை மூன்று தரம் சுவருக்கு மேலால் திருப்பி எறிந்தார். "பெட்டி மட்டுந்தான் மச்சான் புதுசு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. நாலாவது தரம் கொழும்பிலிருந்து நல்ல சாமானாக எடுப்பித்துக் கொடுத்தேன். அதை அவர் எறியவில்லை.

நாலு வருடத்துக்கு முன்பு, தமிழ் ஊர்களும் எங்களுடைய முஸ்லிம் ஊர்களும் ஒன்றுக்கொன்று பயந்து பாதையை மூடிக்கொண்ட நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ் ஊரான தம்பிலுவிலைச் சேர்ந்த நல்லதம்பியரின் வேன் அப்போது பிரேக் வேலைக்காகக் கராஜில் நின்றது. அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த வேன். அவர்களுடைய ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்ததும் அதுதான். வேனுக்கு அடியில் குண்டோ என்னவோ ஒளித்துக் கட்டியிருக்கிறது என்று ஒரு கதை கிளம்பியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நாற்பது பேர்போலக் கராஜ் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தது. அந்த நாற்பதில் நானும் ஒருவன். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி பேச எனக்கு வாய் இல்லை.

பாஸ் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். சாக்கை உதறி எங்கள் முன்னால் விரித்தார்.

"அடியில என்னவோ இரிக்கெண்டு சென்னவன் ஆரு? வா. படுத்துப் பாத்திட்டுக் கதை."

எல்லோரும் ஜும்ஆவுக்கு உடுத்திய வெள்ளை உடுப்பில் நின்றோம். என்ஜின் ஒயில் ஊறிய அந்தச் சாக்கில் படுக்க ஒருவரும் முன்வரவில்லை.

"விலகுங்க பாஸ். இது ஊர்ப் பிரச்சின," என்றான் போத்தல்காரன்.

"ஊரெண்டா ஊர்ல ஒருத்தன் படுத்துப் பாக்கட்டும். நான் கழட்டின வண்டிய நான் பூட்டிக் குடுக்கிற வரைக்கும் ஒருத்தனும் தொட ஏலா."

பிறகு அவருடைய கண் என்மேல் விழுந்தது. "நீயும் வந்திரிக்கியா மச்சான்? நீ வித்த பைப்தானே அடியில கிடக்கு. நீயே பாரு."

வெட்கத்தில் முகம் எரிந்தது. படுத்தேன். மண்ணும் சேறும் துடைத்துத் துப்புரவாக இருந்த அடிப்பாகத்தில் புது பிரேக் பைப்புகள் மட்டும்தான் ஓடின. ஒரு நட்டு பாதி இறுக்கியபடி நின்றது. எழும்பி, "ஒண்டும் இல்ல. நான் வித்த பைப்தான் இரிக்கி. நம்பாதவன் வந்து படு," என்றேன். முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போகிற போக்கில் ஒரு கல் வந்து வேனின் ஹெட்லைட்டை உடைத்தது. "ஹெட்லைட்டும் ஒண்டு எடுத்து வை மச்சான், வேல கூடிப்போச்சு," என்றார் பாஸ்.

பாதை திறந்த பிறகும் நல்லதம்பியர் வரப் பயந்தார். பாஸே வேனை எடுத்தார். பக்கத்தில் நான், பின்னால் அந்தச் சாக்கு. தம்பிலுவில் எல்லையில் நாலைந்து இளைஞர்கள் மறித்து, வேனில் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று அதட்டினார்கள். எங்கள் கராஜ் வாசலில் நின்ற அதே பயம்தான் அவர்கள் முகத்திலும். பாஸ் இறங்கி நடுரோட்டில் சாக்கை விரித்தார். "படுத்துப் பாருங்க தம்பிமார்." ஒருவன் உண்மையாகவே படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு எழும்பினான். வீட்டு முற்றத்தில் நல்லதம்பியர் அழுதுகொண்டு கட்டிப்பிடிக்க வந்தார். பாஸ் அவரைத் தள்ளிப் பிடித்தார். "அழுறது பொறகு. முதல்ல படுத்துப் பாருங்க அண்ணன்." அவர் பார்த்து முடிக்கும்வரை திறப்பைக் கொடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் வெள்ளைச் சட்டையின் முதுகில் சாக்கிலிருந்த கறுத்த ஒயில் அப்பிவிட்டது. மனைவி ஊறவைத்துப் பார்த்தாள், அடித்துத் துவைத்துப் பார்த்தாள், கடைசியில் வீசச் சொன்னாள். நான் வீசவில்லை. பாஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கறை ஒன்றுதான். பாஸின் ஜனாஸாத் தொழுகைக்கு அந்தச் சட்டையைத்தான் உடுத்திப் போனேன். தொந்தி வைத்துவிட்டதால் கீழ்ப் பொத்தான் பூட்டுப்படவில்லை. எனக்குப் பின் வரிசையில் அந்த நாற்பது பேரில் சிலர் நின்றார்கள். தொழுகை முடியும்வரை அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் என் முதுகுதான் இருந்தது. பார்க்கட்டும் என்றுதான் உடுத்தேன்.