சந்தேகப் பேர்வழி

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு எதிலும் சந்தேகம். தடுப்பூசியில் என்னமோ கலக்கிறார்கள் என்று போனில் வந்த வீடியோவை நம்பி, பத்து மாதக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடவிடாமல் மனைவியிடம் மல்லுக்கு நின்றான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தட்டம்மை கண்டதிலிருந்து குழந்தையை வாசலுக்குக்கூடத் தூக்கி வராமல் பார்த்துக்கொண்டான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

அன்று சுகாதார நிலையத்தின் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தது. அவன் பழுது பார்க்கிறவரை நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். கதவில் தொங்கிய அட்டையில் காலையும் மாலையும், ஞாயிறுகூட விடாமல், டிகிரி எழுதியிருந்தது. இருந்த மருந்தையெல்லாம் அவள் தனியே எடுத்து ஓரம் கட்டினாள்.

“எட்டைத் தாண்டி ஒரு டிகிரிதானே சிஸ்டர் ஏறியிருக்கு?”

“எவ்வளவு நேரம் ஏறியிருந்துச்சுன்னு தெரியலையே. பிள்ளைங்களுக்குப் போடறது. சந்தேகம்னு வந்துட்டா தொடமாட்டேன்.”

அவனுக்குச் சுருக்கென்றது. தன்னைத் தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகப் பேர்வழி இவள்! ஃப்ரிட்ஜ் ஐந்து டிகிரிக்கு இறங்கும்வரை அவனும் நகரவில்லை. பிறகு மனைவிக்குப் போன் போட்டான்.

“நாளைக்குப் புது மருந்து வருதாம். பாப்பாவுக்கு ஊசி போட்டுடலாம்.”

அந்தப் பக்கம் பாப்பா சிணுங்குவது கேட்டது.

“காலையிலேருந்து பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குதுங்க.”

எத்தனை டிகிரி என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.