விடுபட்ட எட்டுச் செய்யுள்கள்

என் மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், செக்கிங் பிரிவில் வேலை. ஒரு சட்டையைக் கையில் எடுக்கும்போதே இதில் எங்கோ தப்பிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டுத்தான் தேடுவாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. பால்காரர், என் தங்கை, நான் என்று யாரும் அதற்குத் தப்பியதில்லை.

அவள் சமஸ்கிருதம் படிக்கப் போனதே சந்தேகத்தால்தான். பழைய மகாகாவியம் ஒன்றின் தமிழ் உரை வீட்டில் கிடந்தது. புரட்டிப் பார்த்தவள், "நாலு வரிச் செய்யுளுக்கு ஒரு வரி அர்த்தமா? மிச்சத்தை யாருங்க முழுங்கினது?" என்றாள். மூலத்தையே பார்த்துவிடுவது என்று, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டிலிருந்தபடி பதிவுசெய்து வாராவாரம் அனுப்பும் பாடங்களில் சேர்ந்துகொண்டாள். அவர் ஒரு சொல் விடாமல் பிரித்துப் பொருள் சொல்வார். இவள் உரையோடு ஒப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவாள். நான்காம் வருடம் ஒருநாள், "இந்த மனுஷன் ஏமாத்தலைங்க" என்றாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் எனக்குக் கிடைக்காத சான்றிதழ் அது. எனக்கு வயிறெரிந்தது.

பிறகு ஒரு குறை கண்டுபிடித்தாள். "பாடம் நடக்கும்போது பின்னாடி ஒரு பொம்பளை இருமிக்கிட்டே இருக்காங்க. பாதி சொல்லு காதுல விழ மாட்டேங்குது." பேராசிரியருக்கு எழுதிப் போட்டாள். அடுத்த வாரமே இருமல் இல்லை. "பாத்தீங்களா, சொன்னாத்தான் நடக்குது" என்று பெருமை வேறு.

மூன்று மாதம் கழித்து, மனைவியைப் பறிகொடுத்த அரசன் புலம்பும் பகுதி வந்தது. "இதை நீங்களே படிச்சுக்கலாம்" என்று பேராசிரியர் அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். இவள் எண்ணிப் பார்த்தாள். எட்டுச் செய்யுள்கள்.

"தொண்டை கட்டியிருக்கும், விடு" என்றேன்.

"நாலு வருஷமா கட்டாத தொண்டை இப்பத்தான் கட்டுச்சா? அவருக்கே அர்த்தம் தெரியலை, அதான் நழுவுறார். ஒரு ஆளையாவது நம்பலாம்னு இருந்தேன். இவரும் இப்படின்னா நோட்டெல்லாம் குப்பைக்குத்தான்."

சொன்னதோடு நிற்கவில்லை. 'தெரியாததைத் தாண்டிப் போகிறீர்களா?' என்று அவருக்கே எழுதினாள்.

அடுத்த பாடத்தை ஸ்பீக்கரில் போட்டு, "சாட்சிக்கு நீங்களும் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"எட்டுச் செய்யுள் ஏன் விட்டீங்கன்னு ஒரு மாணவி கேட்டிருக்காங்க. விட்டது உண்மைதான். தெரியாம விடலை" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். "என் மனைவிக்கு நுரையீரல்ல நோய். நான் பாடம் எடுக்கிறப்ப பக்கத்துலயே உக்காந்து கேட்பா. இருமல் இடைஞ்சலா இருக்குன்னு கடிதம் வந்ததும், அவளே எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிட்டா. போன மாசம் இறந்துட்டா. அதான் வாய் வரலை. பாடத்தைப் பாக்கி வைக்கக் கூடாது. இன்னிக்குப் படிச்சிடலாம்."

எட்டையும் படித்தார். எந்தச் சொல்லையும் விடாமல் பிரித்துப் பொருள் சொன்னார். மூன்றாவது செய்யுளில் இவள் நிறுத்தக் கை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். நோட்டைத் திறக்கவே இல்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பாடம் முடிந்ததும், "உனக்கெப்படித் தெரியும், யாரோன்னுதானே நினைச்சே" என்றேன்.

"ஊர்ல இருக்கிற அத்தனையும் துருவித் துருவிக் கேட்டேன்" என்றாள். "இருமுறது யாருன்னு கேட்கலையேங்க."