கஞ்சிக் கிடாரமும் அறுந்த சுருள்வில்லும்

கல்முனையில் நான் குடியிருக்கும் வீடு என் மனைவியுடையது. பணிவு கருதி இதைச் சொல்லவில்லை. மணமாகும் பெண்ணுக்குப் பெற்றோர் வீடு கொடுப்பதும், மணமகன் அங்கே வந்து குடியேறுவதும் எங்கள் ஊர்களின் வழக்கம். நானும் அவ்வாறு வந்து சேர்ந்தவனே. வீட்டோடு சேர்த்து அவளுக்கு ஒரு பொறுப்பும் கொடுக்கப்பட்டது. நோன்பு மாதம் முழுவதும் எங்கள் தெருவுக்கான கஞ்சி அந்த வீட்டு வாசலில்தான் காய்ச்சப்படும். அவளுடைய தாயின் காலத்திலிருந்து அது ஒரு நாளும் தவறியதில்லை என்பதை அவள் அடிக்கடி சொல்வதில்லை, தெருவே சொல்லிக்கொள்ளும்.

கிடாரங்கள் எனும் பெரிய கஞ்சி அண்டாக்களும் அகப்பைகளும் அரிசிப் பீப்பாவும் வாசலோரத்து வண்டிக்கூடத்தில் இருக்கும். அதை எல்லாரும் கராஜ் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தக் கராஜுக்குத் தெருப்பக்கம் மட்டுமே வாயில் உண்டு. வீட்டினுள்ளிருந்து அதற்குப் போக வழியில்லை. கட்டியவர் என் மாமனார். பாத்திரம் எடுக்க ஊர் ஆண்கள் எந்நேரமும் வருவார்கள்; அவர்கள் வருந்தோறும் வீட்டுப் பெண்கள் ஒதுங்கி நிற்க நேரக்கூடாது என்று அவர் எண்ணினார். இந்தப் பக்கத்தில் பல வீடுகளின் கராஜ்கள் இவ்வாறே அமைந்திருக்கின்றன. அந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டென்று அன்றுவரை எவருக்கும் தோன்றியதில்லை.

வாயிலுக்கு மேலே உருளையில் சுருண்டு ஏறும் தகரக் கதவு. பொத்தானை அழுத்தினால் மோட்டர் அதை ஏற்றுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பாரத்தைச் சுமப்பவை உருளைக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு சுருள்வில்கள். கதவு இறங்கும்போது அவை முறுகி இறுகும். ஏறும்போது அந்த இறுக்கத்தைக் கொண்டு கதவின் பாரத்தைத் தாங்கும். மோட்டர் செய்வது ஏவல் மட்டுமே.

சில ஆண்டுகளாக நோன்பு மாதம், மாரி முற்றாக ஓயாத காலத்தில் வருகிறது. மழைக்கு ஒதுக்கமாக இருக்கட்டும் என்று அடுப்பைக் கராஜின் வாயிலிலேயே, தாழ்வாரத்தின் கீழ் மூட்டத் தொடங்கியிருந்தார்கள். கிடாரத்திலிருந்து எழும் ஆவி நேரே மேலேறி, கதவுருளையைத் தழுவி, தகரத்தில் வியர்த்து வழியும். கஞ்சியின் மணம் தெரு முனைவரை போகும். அதில் எங்களுக்குப் பெருமையே இருந்தது.

அன்று நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியிருந்தேன். மனைவி குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். கராஜுக்குள் ஏதோ வெடித்தது போன்ற ஓசை கேட்டது. மின்கம்பத்தில்தான் ஏதோ நேர்ந்துவிட்டது என்று அயலவர்கள் வெளியே வந்து மேலே பார்த்தார்கள். நான் கதவின் பொத்தானை அழுத்தினேன். மோட்டர் முனகியது, கதவு ஒரு பக்கம் சாண் அளவு எழும்பி, மறுபக்கம் அசையாமல், கோணலாக நின்றது. மீண்டும் அழுத்தப் போன என் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

கதவைப் பொருத்தித் தந்தவர் நற்பிட்டிமுனையிலிருந்து வருபவர். அன்று அவர் சாய்ந்தமருதில் ஒரு கடையின் வேலையில் இருந்தார். தொலைபேசியில் மனைவி விவரம் சொன்னதும், பார்க்காமலே அவர் சொல்லிவிட்டார்:

“ஸ்பிறிங் அறுந்திரிக்கி ராத்தா. இனி மோட்டர அமத்தாதீங்க. கதவுக்குக் கீழ ஒருத்தரும் பூரவும் வேணாம். நான் அசருக்குப் பொறகு வாறன்.”

பிற்பகல் தொழுகையான அசருக்குப் பிறகு என்றால் கஞ்சி வாங்க வாளிகளோடு மக்கள் வந்து நிற்கும் வேளை. அப்போது அடுப்பு மூட்டினால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அரிசி வெந்திராது. அரிசியும் கிடாரமும் கோணலாக நின்ற அந்தத் தகரத்துக்குப் பின்னால் இருந்தன.

கஞ்சி காய்ச்சுபவர் என் மனைவியின் மூத்த சகோதரர்; அண்ணனை இங்கே காக்கா என்பார்கள். ஒலுவில் துறையிலிருந்து கடலுக்குப் போகிறவர். நோன்பு மாதத்தில் மட்டும் கடலை விட்டு அடுப்பருகே நிற்பார். அவர் வந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தி பரவிவிட்டது. தங்கள் கிடாரத்தில் சேர்த்துக் காய்ச்சித் தருகிறோம் என்று அடுத்த தெருவிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அந்த அழைப்பில் அன்பு இருந்தது. சிறிது மகிழ்ச்சியும் இருந்தது. இரு தெருக்களின் கஞ்சியையும் ஒப்பிட்டுப் பேசாத நோன்பு எங்கள் பக்கத்தில் கிடையாது.

“ஒரு நாளைக்குத்தானே தங்கச்சி. ஓம் எண்டு செல்லிருவம்” என்றார் சகோதரர்.

அவள் தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டு கதவருகே போய் நின்றாள்.

“கடல் வந்து வீடு போன பொறகு, இந்தக் கிடாரத்த மணலுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தது ஆரு காக்கா?”

“நான்தான்.”

“உம்மா அத எங்க வெச்சிக் காய்ச்சின?”

“கூடாரத்துக்கு முன்னால.”

“அப்ப விடாதத இப்ப ஒரு கம்பிக்காக விடச் செல்றீங்களா?”

சுனாமிக்குத் தப்பிய அந்தக் கிடாரத்தை நான் அறிவேன். ஒரு பக்கம் நசுங்கி, அடி சற்றே சாய்ந்து, எந்த அடுப்பிலும் நேராக நிற்காதது. புதியன இரண்டு வந்த பிறகும் முதற் கஞ்சி அதில்தான் காய்ச்சப்படும். சகோதரர் ஆட்களைக் கூப்பிடப் போனார்.

அதன் பிறகு நடந்தவற்றுக்கு என் மனைவியே தலைமை தாங்கினாள். தோணியைக் கரையேற்றும்போது அடியில் இடும் கட்டைகளுள் இடுப்பளவு உயரமானவற்றை அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவரச் செய்தாள். கதவின் கீழே எவரும் நுழையக்கூடாது என்று கதவுக்காரர் சொன்னதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னாள். உச்சி வெயில் சற்றே சரிந்திருந்தது, காற்றில் அசைவில்லை, நின்றாலே வியர்க்கும் புழுக்கம். வந்தவர்கள் எல்லாரும் நோன்பாளிகள். ஒரு மிடறு தண்ணீரை எண்ணவும் இயலாத நிலையில் அவர்கள் சாறன்களை மடித்துக் கட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லிக் கதவின் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார்கள்.

வலப்பக்கத்து வில் உயிரோடிருந்ததால் அப்பக்கம் எளிதில் எழுந்தது. இடப்பக்கம் எழ மறுத்தது. கதவு சாய்ந்து, அது ஓடும் ஓரத்துத் தவாளிப்பில் இறுகிக்கொண்டது. வலிமையைக் கூட்டினால் தகரம் மடங்கியிருக்கும். எல்லாரையும் மெல்ல இறக்கச் சொல்லி, கனத்த பக்கத்துக்கு ஆட்களை மாற்றி நிறுத்தினாள் மனைவி. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, அடிச்சட்டம் நிலத்துக்குச் சமமாக ஏறுகிறதா என்று பார்த்து, வலப்பக்கத்தவரைப் பொறுக்கவும் இடப்பக்கத்தவரைத் தூக்கவும் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலை அவள் உயர்த்தவில்லை. கட்டைகள் இரு ஓரங்களிலும் நிமிர்ந்து நின்றபோது கதவு அவற்றின் மேல் வந்து அமர்ந்தது.

கிடாரங்கள் உள்ளே, கை எட்டாத இடத்தில் இருந்தன. அண்ணன் குனிந்து நுழையப் பார்த்தார்.

“கீழ பூராதீங்க காக்கா. கொக்கத்தடிய எடுங்க.”

முருங்கைக்காய் பறிக்கும் கொக்கைத்தடியைத் தெருவிலிருந்தே நீட்டி, நசுங்கிய கிடாரத்தின் காது வளையத்தில் மாட்டி இழுத்தார்கள். அது தரையைக் கீறிக்கொண்டு, பெருத்த ஓசையோடு, வர மனமில்லாதது போல் வந்தது. அரிசிப் பீப்பாவை அதே தடியால் சரித்ததும் அது தானாகவே உருண்டு வந்துவிட்டது. அடுப்பைக் கதவருகே மூட்ட முடியாததால் தெருவோரத்தில் மூட்டினார்கள்.

அரிசி கொதிக்கத் தொடங்கிய வேளையில் அடுத்த தெருக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிக் கேட்டார்:

“என்ன காக்கா, கதவும் நோன்பு பிடிச்சிரிக்காம்?”

“ஓம். ஒங்கட கஞ்சி மணந்தா நோன்பு முறிஞ்சிரும், கெதியாப் போங்க” என்றார் அண்ணன், அகப்பையை நிறுத்தாமலே.

கஞ்சி வழமையைவிடப் பிந்தியே இறங்கியது. ஆனால் கடைசி வாளி நிரம்பி வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு ஒலித்தது. கதவுக்காரர் அதற்கு முன்பே, சொன்னபடி அசருக்குப் பிறகு வந்து, கட்டைகளையும் கதவின் மட்டத்தையும் வெளியிலிருந்தே பார்த்து, கதவு அசையாதபடி சங்கிலியிட்டுப் பிணைத்தார். கட்டைகளை நிறுத்தியவர் யார் என்று அவர் கேட்டபோது அண்ணன் தன் தங்கையைச் சுட்டிக் காட்டினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமிதம் என்னுடையதைவிடக் குறைந்ததன்று. கதவுக்காரரும் எங்களோடு அமர்ந்து அந்தக் கஞ்சியில் நோன்பு திறந்தார்.

மறுநாட் காலை அவர் புதிய வில்களோடு வந்தார். அச்சுத் தண்டைப் பெரிய குறடால் கவ்விப் பிடித்து, உயிரோடிருந்த வில்லின் முறுக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். இறுகிய வில் கைதவறினால் எலும்பை முறித்துவிடும் என்று சொல்லி எங்களைத் தள்ளி நிற்கச் செய்தார். உருளையை இறக்கி, அறுந்த வில்லை உருவி வெளியே போட்டார். அம்மைத் தழும்புகளைப் போலக் கம்பியெங்கும் துருக்குழிகள் இருந்தன. அவற்றுள் ஆழமான ஒன்றில்தான் அது முறிந்திருந்தது.

உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள கரையூர்களில் வில்கள் பிற இடங்களைவிட விரைவில் தேய்வது இயல்பே என்றார் அவர். திறந்து மூடுந்தோறும் கம்பி சிறிது களைக்கிறது. களைத்த இடத்தில் துரு குழி பறித்தால் அங்கிருந்து வெடிப்பு ஓடுகிறது. ஆனால் இந்த வில்லின் வயதுக்கு இவ்வளவு துரு மிகை என்று சொல்லி அண்ணாந்து தாழ்வாரத்தைப் பார்த்தார். கரி படிந்த தகரத்தைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

“காத்து மட்டுமெண்டா இன்னும் கொஞ்சக் காலம் இழுத்திருக்கும் ராத்தா. ஒங்கட கஞ்சி ஆவி நேரா இதுக்குள்ளதான் ஏறியிரிக்கி.”

மனைவியின் முகம் வாடியது. தான் பேணிய கஞ்சியே தன் கதவை அரித்தது என்பதை ஏற்றுக்கொள்ள அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. கதவுக்காரர் அதைக் கண்டுகொண்டார்.

“கவலப்படாதீங்க. கஞ்சி குடிச்சி வளந்து, நோன்புலயே மவுத்தாப்போயிரிக்கி. குடுத்து வெச்ச ஸ்பிறிங்.”

நோன்பில் இறப்பதைப் பெரும்பேறாகச் சொல்வது எங்கள் வழக்கம்; அவள் சிரித்துவிட்டாள். முதல்நாள் லுஹருக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் கண்டேன்.

ஒரு வில் மட்டுமே அறுந்திருந்தபோதும் இரண்டையும் அவர் மாற்றினார். இரண்டும் ஒரே ஆவியை ஒரே காலம் குடித்தவை. மிஞ்சியதை விட்டுவைத்தால் அதுவும் ஒரு நாள் இப்படியே அறும் என்றார். புதியவை சற்றுத் தடித்த கம்பியால் ஆனவை. துரு எளிதில் பற்றாதிருக்க துத்தநாகப் பூச்சுப் பெற்றவை. தேங்காயெண்ணெய் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று விலக்கி, கிறீஸ் மட்டும் பூசினார். வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு ஒரு சிறு கதவு வைத்தால் நல்லது என்று யோசனையும் சொன்னார். மனைவி யோசித்துப் பார்த்து, வைக்கலாம் என்றாள். ஆனால் அதன் சாவி தன் பக்கத்தில்தான் இருக்கும், ஆண்களுக்குத் தெருவழிதான் என்று சேர்த்துக்கொண்டாள். தாழ்வாரத்து அடுப்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை. முதல்நாள் தெருவோரத்தில் மூட்டிய இடத்தில் அவள் ஏற்கெனவே மழைக்குத் தரப்பாள் கட்டச் சொல்லியிருந்தாள்.

வில்லை முறுக்கி முடித்ததும், மோட்டரைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் உயர்த்தச் சொன்னார் கதவுக்காரர். பாதியில் கையை எடுத்தால் அது ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அதுவே சமன் பிடித்ததற்கு அடையாளம் என்றார். அண்ணன் முன்னே வந்தார். மனைவி அவரைத் தடுத்து, தானே குனிந்து ஒரு கையால் தூக்கினாள். முதல்நாள் அத்தனை ஆண்களையும் திணறடித்த கதவு அவளுடைய விரல்களோடு எழுந்தது. நெஞ்சளவுக்கு வந்ததும் கையை எடுத்து ஓரடி பின்னே நின்றாள். கதவு அங்கேயே நின்றது.

அவள் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழுவதும் உயர்த்திவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“சரி காக்கா, கிடாரத்த அடுப்புக்கு எடுங்க. நெளிஞ்சத முதல்ல.”