மச்சாள் தெரிந்தெடுத்த வெடிமருந்து

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தேத்தண்ணிக் கோப்பைகளோடு சேர்த்து, இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் பேணிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுடுதண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் வடிய விட்டிருந்தா அம்மா. வேலை முடிந்து வந்த மச்சாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவற்றைப் பார்த்தபடி நின்றாள். காலையில் அந்தப் பேணிகளுக்குள் வேட்டைத் துவக்குக்கான வெடிமருந்து இருந்தது. ஒன்றில் ஒரு வகை, மற்றதில் இன்னொரு வகை. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனம் நிறைந்த லா ஷப்பலில், நாலாம் மாடியில், நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த காலம் அது.

மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி. என்னைவிட ஒரு வயது மூப்பு, ஆனாலும் எங்களுக்குள் நீ, நான் என்றுதான் பேச்சு. வன்னியிலிருந்து வந்தவள். வலது தோளில் ஒரு ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. எடுத்தால் கை விளங்காமல் போகலாம் என்று டொக்டர் சொன்னதால் அது அங்கேயே குடியிருக்கிறது. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. அவளுடைய முதலாளி வேட்டைக்காரர். ஒருமுறை அவர் கொடுத்த காட்டுப்பன்றி இறைச்சியை வறுத்த தூள் போட்டுப் பிரட்டிக் கொடுத்திருக்கிறாள். அதைச் சாப்பிட்ட வேட்டைக் கூட்டம் முழுவதும் அவளுக்கு ரசிகர்களாகிவிட்டது. அவளோ, இனி எனக்கு இறைச்சி வேண்டாம், நானும் வேட்டைக்கு வரவேண்டும் என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. படித்து, சோதனை எழுதி, வேட்டைக்கான அனுமதிப்பத்திரம், பெர்மி, எடுத்தாள். எங்கள் சனம் இதைக் கேட்டு என்ன பாடு பட்டது என்று சொல்லத் தேவையில்லை. துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்து, இங்கே காசு கொடுத்துத் துவக்கு வாங்குகிறாளே என்று மரக்கறிக் கடையில் வைத்தே என்னிடம் கேட்டார்கள். அவளிடம் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அந்தத் துவக்கு அவள் தோளை உதைத்தது. கடையில் விற்கும் ரவை, அதுதான் தோட்டா, ஆண்களின் தோளை நினைத்துச் செய்தது போலிருக்கிறது, ஒவ்வொரு வெடிக்கும் சட்டைக்குள் நீலம் பாரித்தது. வலி வரப்போகிறது என்று தெரிந்தால் உடம்பு முன்கூட்டியே சுருங்கும். அப்படிச் சுருங்கியதில் பத்தடி தூரத்தில் போன பன்றியைத் தவறவிட்டாள். வேட்டைக் குழுவின் தலைவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மிகவும் மரியாதையாக, அடுத்த ஞாயிறு நீங்கள் வேட்டைக் குடிலில் நின்று எங்களுக்குச் சமையுங்கள், சுடுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம். பெர்மி எடுத்தவளை மறுபடியும் அடுப்படிக்கே அனுப்புகிற மரியாதை.

வேட்டைக்காரர்களில் சிலர் ரவையைத் தாங்களே அடைப்பார்கள். சுட்டு முடிந்த வெற்றுக் கோதில் மருந்தைப் பற்றவைக்கும் புதிய கேப் பொருத்தி, மருந்து போட்டு, குண்டை வைத்து அழுத்துவது. தன் தோளுக்கு ஏற்ற ரவையைத் தானே அடைக்கிறேன் என்று மச்சாள் புறப்பட்டாள். துவக்குக் கடைக்கு நானும் போனேன். காரோட்டி வந்த அண்ணாவும் பின்னால் நின்றார். கடைக்காரர் அண்ணாவைப் பார்த்தே எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணாவுக்கோ துவக்கின் எந்தப் பக்கத்தால் குண்டு வெளியே வரும் என்பதே நிச்சயமில்லை. "மெஸ்ஸியூ, சுடுறது நான்," என்றாள் மச்சாள். அதன் பிறகுதான் அவர் திரும்பினார்.

பலமான மருந்தில் கொஞ்சத்தைக் குறைத்துப் போட்டால் உதை குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கறிக்கு மிளகாய்த்தூள் குறைக்கிற கதை இல்லையாம். மருந்துகளில் விரைவாக எரிபவை, ஆறுதலாக எரிபவை என்று பல வகை. ஆறுதலாக எரிகிற சிலவற்றை அளவுக்குக் குறைத்துப் போட்டால் அதுவே ஆபத்தாம். எந்தக் கோதுக்கு, எந்த எடைக் குண்டுக்கு, எவ்வளவு குறைக்கலாம் என்று மருந்து செய்பவனே அட்டவணை போட்டுத் தருகிறான். அதற்குள் நிற்கவேண்டும். அவர்கள் குழுவில் எல்லோரும் பாவிக்கும் மருந்து ஒன்று, மெல்லிய உதைக்கென்று அட்டவணையோடு வரும் மருந்து இன்னொன்று. இரண்டையும் சுட்டுப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம் என்று இரண்டையும் வாங்கினாள். கறிக்கு உப்பைக் கையால் அள்ளிப் போடுகிறவள், இதற்கென்று ஒரு சின்னத் தராசும் வாங்கினாள்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில்தான் மச்சாள் மருந்தை வைத்துப் பூட்டிய இரும்பு அலுமாரியை அம்மா திறந்தா. வீட்டுச் சாவியெல்லாம் அம்மாவிடம்தான். நெருப்புப் படம் போட்ட பேணிகளைக் கண்டதும் அம்மாவுக்கு வேறு யோசனை வரவில்லை. இரண்டையும் இரண்டு கறித்தூள் போத்தல்களில் கொட்டி, லேபிள்களை உரித்துக் கிழித்து, மாப்பேணிக்குப் பின்னால் ஒளித்துவிட்டா. ஊரில் டோர்ச் பற்றறிகூடக் கொண்டுபோகக் கூடாது என்றிருந்த காலத்தில், பற்றறியை அரிசிமாவுக்குள் புதைத்துச் சோதனைச்சாவடி கடந்தவ என் அம்மா. ஒளித்ததும் பழக்கம், பேணியை எறிய மனமில்லாமல் கழுவி வைத்ததும் பழக்கம்.

"நெருப்புப் படத்தோடை வீட்டிலை வைச்சிருக்கிறதே பிள்ளை? பொலிஸ் வந்தால் என்ன சொல்லுறது?" என்று அம்மா கேட்டா.

மச்சாள் மாப்பேணிக்குப் பின்னாலிருந்து போத்தல்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே மாதிரியான கருஞ்சாம்பல் நிறக் குறுணி. எதில் எதைக் கொட்டியது என்று அம்மாவுக்கு நினைவில்லை. மூக்கால் மணந்து பார், பெருங்குறுணி எது சிறுகுறுணி எது என்று பார் என்று அண்ணா யோசனை சொன்னார். ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. நானும்கூட, ஒன்றை எடுத்துக் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"பேர் தெரியாத மருந்தைத் துவக்குக்குள்ளை போடேலாது," என்றாள். "பிழைச்சால் துவக்கு வெடிக்கும். பக்கத்திலை நிக்கிற ஆளும் சாகும். இது கடைக்காரனிட்டை திரும்பப் போகட்டும், அவன் அழிப்பான்."

அதன் பிறகு அம்மாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அம்மாவை அவள் ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஏசவில்லை.

"மாமி, இஞ்சை நான் களவாய் ஒண்டும் வைச்சிருக்கேல்லை. பெர்மி இருக்கு. பேப்பர் எல்லாம் என்ரை பேரிலை இருக்கு. பொலிஸ் வந்தால் நானே கதவைத் திறந்து காட்டுவன். ஒளிக்கிறதெல்லாம் அங்கையோடை முடிஞ்சுது."

 அம்மா அலுமாரிச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தா. இன்று திரான்சியில் அண்ணாவும் மச்சாளும் வாங்கியிருக்கும் வீட்டிலும் அந்த இரும்பு அலுமாரி இருக்கிறது. அதற்குள் மருந்துப் பேணி லேபிளோடு நிற்கிறது, நெருப்புப் படம் முன்பக்கம் பார்த்தபடி. மச்சாளின் இந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் இன்னும் நாலு பேருக்கு இருந்திருந்தால் நாங்கள் இவ்வளவு காலம் தலை குனிந்து திரிந்திருக்கமாட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

போத்தல்களைக் கடையில் ஒப்படைத்து, மருந்தைப் புதிதாக வாங்கப் போனபோது, சுட்டுப் பார்க்க ஒரு நாள்தான் மிச்சம், ஒரு மருந்துக்குத்தான் நேரம். கடைக்காரரும் அண்ணாவும் ஒரே குரலில், குழுவில் எல்லோரும் பாவிப்பதையே எடுக்கச் சொன்னார்கள். அதோடு போனால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள் அல்லவா. "உதை விழுறது என்ரை தோளிலை, அவையின்ரை தோளிலை இல்லை," என்று மெல்லிய மருந்தையே எடுத்தாள். காட்டில் பன்றி போவது கிட்டத்தில், அந்தத் தூரத்துக்கு அது தாராளம் என்று அட்டவணையில் விரலை வைத்துக் காட்டினாள். சுடும் பயிற்சி இடத்தில் நானும் நின்றேன். முதல் வெடிக்குப் பிறகு தோளைத் தடவுவாள் என்று பார்த்தேன். தடவவில்லை, அடுத்ததை ஏற்றினாள். கடதாசியில் ஓட்டைகள் எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன.

ஞாயிறு காலை செம்மஞ்சள் மேற்சட்டை போட்டு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். தலைவர் ஒவ்வொருவருக்கும் நிற்கிற இடம் சொல்லிக்கொண்டு வந்து, மச்சாளிடம் குடிலின் சாவியை நீட்டினார். அடுப்புக்கு விறகு வெட்டி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"இன்றைக்கு நான் சமைக்கவில்லை. எனக்கு எந்த இடம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

எல்லோரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். முதலாளி மட்டும் இருமினார். அவள் சாவியை வாங்காமல், பார்வையை எடுக்காமல் நின்றாள். கடைசியில் தலைவர் காட்டின் ஓரத்தில் ஓர் இடத்தைச் சொன்னார், பன்றி வராது என்று அவர் நினைத்த இடமாக இருக்கவேண்டும். பத்து மணிக்குக் கிட்ட அந்தப் பக்கமிருந்து ஒரேயொரு வெடி கேட்டது. இரண்டாவது வெடி தேவைப்படவில்லை.

மத்தியானம் எல்லோரும் பசியோடு குடிலுக்கு வந்தார்கள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. தலைவர் தானே பாண் ரொட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினார். மச்சாள் மர வாங்கில் காலை நீட்டி இருந்து, தன் துண்டில் இன்னும் கொஞ்சம் சீஸ் வைக்கச் சொன்னாள். அவர் வைத்தார்.